லோடு ஏறும்போது

அக்டோபர் 14, திங்கள்

பகல் ஷிப்ட். மழைக்கு முன்னால் மரக்கிளை வெட்டுகிறோம் என்று லால்குடி லைன்மேன்கள் எல்லோரும் துணை மின் நிலையத்துக்கு வந்து லைனை நிறுத்தித் தரச் சொல்லி எல்.சி. கேட்டபடி இருந்தார்கள். சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஜெரால்டு அறையை விட்டு வெளியே வந்தான். "அப்பா, கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு ஆஃப் ஆவுது. கொஞ்சம் பாக்குறீங்களா?" என்றான். அவன் அம்மா ஃப்ளோரா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கப்புறம் இந்தப் பிள்ளை தானாக வந்து என் முகத்தைப் பார்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. "பசிக்கல", "அப்புறம்" இதெல்லாம் கணக்கில் சேராது.

பார்க்கலாம் என்றேன். கழற்றிய சட்டையை மறுபடி போட்டுக்கொண்டேன். விருந்தாளி வந்தது போலிருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

கோளாறு எப்போது வருகிறது என்று உட்கார்ந்து கேட்டேன். படம் பார்த்தால் வராதாம். விளையாட்டிலும் சும்மா நடந்துகொண்டிருந்தால் வராது. பத்துப் பேர் சேர்ந்து சுட ஆரம்பித்து, திரை முழுக்கப் புகையும் நெருப்புமாக ஆகிறபோது திரை கறுத்துவிடுகிறது. இயந்திரம் செத்து, தானே மறுபடி எழுந்திருக்கிறது. போன மாதம் ஏதோ இணையப் போட்டியில் ஜெயித்து ஒரு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டியிருக்கிறான். அதற்கப்புறம்தான் இந்தத் தொந்தரவு.

முப்பது வருடமாக ஊருக்குக் கரண்ட் கொண்டுபோகிற ஃபீடர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். லோடு ஏறும்போது விழுகிறது என்றால் சப்ளை பத்தவில்லை. டப்பாவைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தோம். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தவன் என் பக்கம் திரும்பி, "எல்.சி. குடுங்கப்பா" என்றான்.

அவன் சின்ன வயதில் நாங்கள் ஆடிய ஆட்டம் அது. கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் ஆபரேட்டரான என்னிடம் எல்.சி. வாங்கிக்கொண்டுதான் ஏறுவான். அதாவது, இந்த லைனில் கரண்ட் இல்லை, நீ திரும்பி வந்து சொல்லும்வரை விட மாட்டேன் என்று நான் கொடுக்கிற வாக்கு. வாங்கினவனே வந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். மந்திரி போன் செய்தாலும் அதுவரை சுவிட்சைத் தொடக்கூடாது. ஜெரால்டு ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றுவதற்கெல்லாம் என்னிடம் எல்.சி. வாங்குவான். அப்பனும் பிள்ளையும் வீட்டை சப்-ஸ்டேஷன் ஆக்கிவிட்டீர்கள் என்று ஃப்ளோரா கிண்டல் செய்வாள்.

கொடுத்தேன் என்றேன்.

உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, மூன்று வருடத்துக்கு முன்னால் கேபினெட்டோடு சும்மா வந்தது. ஐந்நூறு வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். தூக்கிப் பார்த்தால் காலி பிஸ்கட் டின் கனம். சும்மா வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் நானும் மாட்டிவிட்டிருக்கிறேன். ஜெரால்டு விளையாட, மஞ்சள் ஒயரில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டியது, சண்டை சூடு பிடித்ததும் பதினொன்றுக்குச் சரிந்தது. திரை கறுத்தது.

"என்னப்பா காட்டுது?" என்றான்.

பல காரணம் இருக்கும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்றேன். அப்படியே மேசையில் திறந்து கிடக்கிறது. எல்.சி. அவன் கையில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க அவசரமில்லை.

அக்டோபர் 17, வியாழன்

தூசி. ப்ளோயர் வைத்து ஊதினோம். இரண்டு பேருக்கும் தும்மல். ரேம் கார்டைக் கழற்றி, பள்ளிக்கூடத்து அழிரப்பரால் அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்தான் ஜெரால்டு. எல்லா மெக்கானிக்கும் முதலில் செய்கிற வைத்தியம் அது. மேசையில் சாமான் பரப்பியிருந்ததால் அதன் ஓரத்திலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டோம். மீன் குழம்பில் புளி தூக்கல் என்றான். புளி தூக்கல்தான். எவ்வளவு நல்ல வார்த்தை.

மாட்டிப் பார்த்தால் மறுபடி அதே.

அக்டோபர் 19, சனி

கலியமூர்த்தியிடம் சொன்னேன். அவனும் ஆபரேட்டர்தான், என்னைவிட ஆறு வருடம் இளையவன், பேச்சில் அறுபது வருடம் மூத்தவன். "அண்ணே, சப்ளை பத்தல. இதுக்குப் போயி எதுக்குண்ணே ஊரைச் சுத்துறீங்க?" என்று அவனே பைக்கை எடுத்தான். திருச்சியில் ஒரு கடை. நல்ல கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்., கையில் வாங்கியதும் செங்கல் போலக் கனத்தது. கனத்தால்தான் சரக்கு.

வீட்டுக்கு வந்தபோது ஜெரால்டு மேசையருகே உட்கார்ந்து, விசிறியின் இறக்கைகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்துகொண்டிருந்தான். வாய்க்குள் ஏதோ பாட்டு. அவன் அம்மா மாதிரியே சுதி சேராத பாட்டு.

பெட்டியைப் பரணில், ஃப்ளோராவின் டிரங்குக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எதையும் முறையாகச் செய்ய வேண்டும். மற்றதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு மாட்டலாம்.

அக்டோபர் 23, புதன்

விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். அது ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்க, அவன் தன் விளையாட்டைப் பற்றிச் சொன்னான். இவனோடு இன்னும் நான்கு பேர். ஒருவன் சேலம், ஒருவன் கொச்சி, இருவர் எந்த ஊர் என்று இவனுக்கே தெரியாது. யாரையும் நேரில் பார்த்ததில்லை. இவன் வேலை முன்னால் போய் வழி பார்த்துச் சொல்வதாம். இவன் அணைந்துவிட்டால் மற்ற நான்கு பேரும் குருடர்கள் என்றான். எல்லா சப்-ஸ்டேஷனுக்கும் வழி சொல்கிற எங்கள் லோடு டிஸ்பாட்ச் மாதிரி என்றேன். சிரித்தான்.

ஏப்ரலில் அவன் அறைக் கதவின் தாழ்ப்பாளை நான் கழற்றிய நாளை இங்கே எழுதப் போவதில்லை. திருகாணிகள் இன்னும் என் டூல்ஸ் பையில் கிடக்கின்றன. அன்றைக்கு டாக்டர், பேச வையுங்கள், தனியாக விடாதீர்கள் என்றார். எப்படிப் பேச வைப்பது என்று சொல்லவில்லை. எனக்கு இப்போது தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

எர்த் குழி. எர்த் சரியில்லாத வீட்டில் எந்த இயந்திரமும் நிம்மதியாக ஓடாது என்று சொல்லிவிட்டேன். பூசை முடிந்து வந்ததும் கொல்லையில் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குத் தோண்டினோம். நடுவில் குழாய், சுற்றிலும் ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு கரி. ஜெரால்டு வெயிலில் நின்று எத்தனையோ மாதமாகிறது, வெந்நீர் ஊற்றின மாதிரி முதுகு சிவந்துவிட்டது. உள்ளங்கையில் கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன், கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இதனால சரியாயிருமாப்பா?" என்றான். வாய்ப்பு இருக்கிறது என்றேன். எர்த் நல்லதுதான். எந்த வீட்டுக்கும் நல்லது. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 28, திங்கள்

மறுபடி விழுந்தது. எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். போன வருடம் நான் மட்டும் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன், அவன் கதவையே திறக்கவில்லை. இன்று காலையிலேயே இயந்திரம் படுத்துவிட்டது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தவன், நான் பூ வாங்கக் கிளம்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டான்.

கல்லறையில் காற்றில் மெழுகுவத்தி அணைய அணைய, கையை மறைவாக வைத்து ஏற்றிக்கொண்டே இருந்தான். திரும்பி வரும்போது பின் சீட்டிலிருந்து, "அம்மா இருந்தா இந்த கம்ப்யூட்டரைத் தூக்கி ஆத்துல போடுன்னிருப்பாங்க" என்றான். நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி விழுந்துவிட்டது என்றேன். நம்பினானோ என்னவோ.

ஃப்ளோரா, உன் பிள்ளை வந்தான். பார்த்தாயா?

நவம்பர் 5, செவ்வாய்

விஷயம் இதுதான். பெங்களூரில் ஒரு அணி இவனைக் கூப்பிட்டிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இங்கிருந்தபடியே ஆடிக் காட்ட வேண்டும், அவர்கள் ஆள் ஒருவர் பார்ப்பாராம். எடுத்துக்கொண்டால் அங்கேயே தங்க இடம், சாப்பாடு, சம்பளம். கூட ஆடுகிற நான்கு பேருக்கும் இதே நாள்தான் பரீட்சை.

அது ஒரு உத்தியோகமா என்று கேட்டுவிட்டேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் கோபப்படவில்லை. "இங்க இருந்து எங்கயாவது போனா நான் சரியாயிருவேன்னு தோணுதுப்பா. ஞாயித்துக்கிழமைக்குள்ள இதை மட்டும் சரி பண்ணிக் குடுங்க" என்றான்.

சரியென்றேன். இங்கே இருந்து என்றால் என்ன அர்த்தம்? இது அவன் பிறந்த வீடு. இங்கே என்ன இருக்கிறது அவனுக்குப் பிடிக்காமல்? நான் இருக்கிறேன்.

இரவுச் சாப்பாடு சரியில்லை. எனக்குத்தான். அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

நவம்பர் 6, புதன்

டப்பாவை மறுபடி அவன் அறையிலேயே கொண்டுபோய் வைத்தோம். அந்த அறைக்கென்று தனியாக இன்வர்ட்டர் வாங்கிவிட்டேன். பெரிய பேட்டரி. கரண்ட் போனால் கண் இமைக்கும் முன் மாறிக்கொள்ளும், கம்ப்யூட்டருக்கே தெரியாது. இணைய டப்பாவும் அந்த அறையில்தான், அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். சரி பண்ணிக் கொடுங்கள் என்று கேட்டான். இதைவிட வேறென்ன செய்வான் ஒரு தகப்பன்?

ஜெரால்டு வயரிங் பார்த்துவிட்டு, கடையில் செய்ததைவிட நீட் என்று சொன்னான்.

நவம்பர் 9, சனி

மூன்று நாளாக ஒரு தடவைகூட விழவில்லை. திரையின் பளபளப்பையெல்லாம் குறைத்து வைத்து விளையாடுகிறானாம். நாளைக்கும் அப்படியே ஆடேன் என்றேன். நாளைக்கு முடியாது, பார்க்கிறவர்கள் சொல்கிற அளவில்தான் வைக்க வேண்டும் என்றான்.

பரணைப் பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போடவும் செய்தேன். ஆனால் ஓடுகிற இயந்திரத்தை நோண்டக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். புது பெட்டி, முதல் நாளே பழுதாகி நின்றால் யார் பதில் சொல்வது? திங்கட்கிழமை நிதானமாக மாட்டலாம். ஸ்டூலை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் பூசைக்கு அவனும் வந்தான். முழந்தாளில் வெகுநேரம் இருந்தான். நானும் இருந்தேன். என்ன வேண்டினேன் என்று எழுதினால் கை கூசும்.

ஐந்து மணிக்கு ஆரம்பம். கதவைத் திறந்து வைத்தே ஆடினான், நான் கூடத்திலிருந்து முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இடது பக்கம் ரெண்டு பேர், மாடியில ஒருத்தன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை. தயக்கமே இல்லாத குரல். நான்கு பேர் அதைக் கேட்டு நடக்கிறார்கள். இவன் இதில் கெட்டிக்காரன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திரை கறுத்தது.

எழுந்தது. உள்ளே போனான். மறுபடி சண்டை, மறுபடி கறுத்தது. மூன்றாவது தடவை எழுந்திருக்கவே இல்லை. உள்ளேயிருந்து லேசாகக் கருகல் வாடை வந்தது.

கொஞ்ச நேரம் காதில் ஹெட்போனை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். யாருடைய குரலும் அதில் இருந்திருக்காது. பிறகு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். "போச்சுப்பா. என்னால அவனுங்களுக்கும் போச்சு" என்றான். தலையைத் தடவினேன். தோளில் சாய்ந்துகொண்டான். இருபது வயது ஆண்பிள்ளை. கடைசியாக அப்படிச் சாய்ந்தது அடக்கத்தன்று.

முட்டை தோசை சுட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டான். கடவுள் என்னை மன்னிக்கட்டும், எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

நவம்பர் 11, திங்கள்

டப்பாவை மறுபடி சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து திறந்து வைத்து, "அடுத்து எதை மாத்திப் பாக்கலாம்ப்பா?" என்றான். இரண்டு மூன்று நாள் போகட்டும் என்றேன். இரண்டு பேருமாக ரேஷன் கடைக்குப் போய் வந்தோம்.

நவம்பர் 14, வியாழன்

கலியமூர்த்தி புதுமனைப் புகுவிழாப் பத்திரிகை கொண்டுவந்தான். ஜெரால்டுதான் கதவைத் திறந்து உட்காரச் சொன்னான். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். மேசைமேல் டப்பா திறந்து கிடப்பதைக் கலியமூர்த்தி பார்த்துவிட்டான் போலிருக்கிறது.

"என்ன தம்பி, இன்னுமா மாட்டல?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"எதை மாமா?"

"அந்தக் கரண்ட் பெட்டியத்தான். தீபாவளிக்கு முந்தியே நானும் உங்கப்பாவும் போயி வாங்கிட்டு வந்தமே. இது பத்தலன்னு அவருதானே மீட்டர் வெச்சுப் பாத்துச் சொன்னாரு."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. மூன்று டம்ளரில் ஊற்றி எடுத்துப் போனேன். கலியமூர்த்தி தன் வீட்டு டைல்ஸ் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெரால்டு டீயை வாங்கிக் குடித்தான், வாசல்வரை போய் அவனை வழியனுப்பிவிட்டு வந்தான்.

"எங்கப்பா இருக்கு?"

பரணில், அம்மா டிரங்குக்குப் பின்னால் என்றேன்.

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என் பக்கம் நியாயம் இருக்கிறது, வரிசையாகச் சொல்லியிருப்பேன். அவன் ஸ்டூலைப் போட்டு ஏறினான். பெட்டியை எடுத்தான். டிரங்கின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு இறங்கினான். பழையதைக் கழற்றினான், அடியில் ஒரு பக்கம் கறுத்திருந்தது. மதர்போர்டு தப்பித்திருந்தது. நான் டார்ச் பிடிக்கப் போனேன். அவன் தன் போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டான்.

ஒரே ஒரு கேள்வி, அதுவும் திருகாணியை முறுக்கிக்கொண்டே கேட்டான். "ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே இது இங்கதான் இருந்துச்சா?"

ஓடுகிற மிஷினை எதற்கு நோண்ட வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

மூடியைப் போட்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு நின்றான். என்னை நேராகப் பார்த்து, சின்னப் பிள்ளையில் நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு சொல் பிசகாமல் சொன்னான். "ஆளும் சாமானும் லைனை விட்டு வெளிய வந்தாச்சு. லைன் சார்ஜ் பண்ணலாம். எல்.சி. ரிட்டர்ன்."

அறைக்குள் போனான்.

நவம்பர் 15, வெள்ளி

இயந்திரம் நன்றாக ஓடுகிறது. ஒரு தடவைகூட விழவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

பூசையிலிருந்து வந்து பார்த்தால் அவன் அறைக் கதவில் புதுத் தாழ்ப்பாள். பழைய துளைகளிலேயே முறுக்கியிருக்கிறான். கதவுக்கு வெளியே நின்று, ஜெரால்டு, தாழ்ப்பாள் மட்டும் வேண்டாமப்பா என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. கேட்கிறவரைக்கும் நிம்மதி.

நவம்பர் 24, ஞாயிறு

தட்டை வாசலில் வைக்கிறேன். பாதி காலியாகி வருகிறது. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

நவம்பர் 29, வெள்ளி

பெங்களூர்க்காரர்களிடம் இன்னொரு வாய்ப்பு கேளேன், நான் வேண்டுமானால் பேசுகிறேன், என் மேல்தான் தப்பு என்று சொல்கிறேன் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினேன். தாள் அப்படியே திரும்பி வந்தது. மடிப்புகூடப் பிரிக்கவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். கூட்டி வாருங்கள் என்கிறார். கூட்டி வர முடிந்தால் நான் எதற்கு இவருக்குப் போன் செய்கிறேன்?

டிசம்பர் 8, ஞாயிறு

சாயங்காலம் ஆறரைக்குக் கரண்ட் போய்விட்டது. நன்றாக இருட்டியிருந்தது.

சின்னப் பிள்ளையில் கரண்ட் போனால் ஜெரால்டு எங்கே இருந்தாலும் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொள்வான். "எப்பப்பா வரும்?" என்பான், ஊர் கரண்ட் முழுக்க என் சட்டைப் பையில் இருப்பதாக நினைப்பு. வரும், வரும் என்று தூக்கிக்கொள்வேன். ஃப்ளோரா மெழுகுவத்தியைத் தேடி அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள்.

கூடத்தில் மீட்டர் போர்டுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியே எதிர் வீட்டு டி.வி. தெரிந்தது, ஏதோ பாட்டுப் போட்டி. தெருவிளக்கு எரிந்தது. ஃப்ரிட்ஜ் அடங்கி, ஃபேன் அடங்கி, வீடு அமைதியானதும் அவன் அறை மட்டும் கேட்டது. இன்வர்ட்டர் ரீங்காரம். விசைப்பலகைச் சத்தம் நடுவில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. கதவுக்கு அடியில் நீல வெளிச்சம்.

நல்ல பேட்டரி. நானே பார்த்து வாங்கியது. தீர்ந்தால் கதவு திறக்குமோ என்று உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வேறு ஒன்று தோன்றியது. தீர்ந்து, சத்தமும் நின்று, அப்போதும் கதவு திறக்காவிட்டால்?

எழுந்து மெயின் சுவிட்சை மறுபடி போட்டேன்.